புல்லில் கொட்டிய யூரியா எங்கே போகிறது?

பசு புல்லைத் தின்கிறது; பாலைக் கொடுக்கிறது. இதில் என்ன அரசியல் இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. புல்லுக்கு உரம் வேண்டும். உரம் வாங்கக் கடன் வேண்டும். கடனைக் கட்ட இன்னும் நாலு மாடு வேண்டும். அந்த நாலு மாட்டுக்கு இன்னும் கொஞ்சம் புல் வேண்டும். புல்லுக்கு மறுபடியும் உரம் வேண்டும். இந்தச் செக்கு சுற்றச் சுற்ற, ஒரு பக்கம் பால் பெருகுகிறது. இன்னொரு பக்கம் குடிநீர்க் கிணற்றுக்குள் நஞ்சு இறங்குகிறது. பால் யாருக்கு, நஞ்சு யாருக்கு என்று கேட்டால் அதுவே அரசியல்.

நாம் இங்கே எடுத்துக்கொள்வது நியூசிலாந்து நாட்டின் கதை. பூமியின் தென்கோடியில் கிடக்கும் தீவு நாடு அது. ஜனத்தொகை 50 லட்சத்துக்குச் சற்று அதிகம். அங்கே மாடுகளைத் தொழுவத்தில் கட்டித் தீவனம் போடுவது வழக்கமில்லை. வருஷம் முழுவதும் திறந்தவெளிப் புல்தரையில் மேய விடுகிறார்கள். உற்பத்தியாகும் பாலில் சுமார் 95 சதவீதம் பவுடராகவும் வெண்ணெயாகவும் பாலாடைக் கட்டியாகவும் கப்பலேறிவிடுகிறது. “பசும்புல், தெளிந்த ஆறு, கொழுத்த பசு” என்ற படம் போட்டுத்தான் அந்தப் பண்டங்கள் உலகச் சந்தையில் விற்கப்படுகின்றன. படத்தில் உள்ள பசும்புல் நிஜம். தெளிந்த ஆறுதான் பல இடங்களில் நிஜமில்லை.

மில் கணக்கும் மாட்டுக் கணக்கும்

நூற்பாலையில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மில்லுக்குள் வரும் பஞ்சு எத்தனை கிலோ, வெளியே போகும் நூல் எத்தனை கிலோ, இடையில் கழிவு எத்தனை கிலோ என்று தினமும் கணக்குப் பார்க்கிறார்கள். கழிவு கொஞ்சம் கூடிவிட்டால் மேஸ்திரி முதல் மானேஜர் வரை கூச்சல் போடுகிறார்கள். நூறு கிலோ பஞ்சு போட்டு இருபத்தைந்து கிலோ நூல்தான் வந்தது என்றால் அந்த மில்லை ஒரு வாரம் நடத்துவார்களா?

ஆனால் பால் பண்ணையில் தழைச்சத்துக் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. நைட்ரஜன் என்று விஞ்ஞானிகள் சொல்வதைத்தான் நம் விவசாயிகள் தழைச்சத்து என்கிறார்கள். பசு தின்னும் புல்லில் நூறு பங்கு தழைச்சத்து இருந்தால், பாலில் சேர்வது ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து பங்குதான். மீதி எழுபத்தைந்து, எண்பது பங்கு சாணமாகவும் மூத்திரமாகவும் வெளியே போகிறது. புல் கொழுகொழுவென்று செழித்திருந்தால் அதில் புரதம் பசுவின் தேவைக்கு மேல் இருக்கும். அப்படித் தேவைக்கு மேல் தின்ற புரதம் பாலாக மாறுவதில்லை. பெரும்பகுதி மூத்திரத்தில் போய்விடுகிறது. அதாவது, புல்லுக்கு யூரியாவை அதிகம் கொட்டுகிறவன் ஓர் எல்லைக்கு மேல் பாலைப் பெருக்கவில்லை; மூத்திரத்தில் உள்ள சத்தைத்தான் பெருக்குகிறான்.

சாணமும் மூத்திரமும் மண்ணுக்கு நல்ல உரந்தானே, அதில் என்ன நஷ்டம் என்று விவசாயத் தொழிலாளி கேட்பார். நியாயமான கேள்வி. குப்பைக்குழியில் சேர்த்து, மட்க வைத்து, வயல் முழுவதும் பரவலாக இறைத்தால் அது உரம். ஆனால் மேயும் பசு ஓரிடத்தில் நின்று மூத்திரம் பெய்கிறது. அந்தச் சிறிய வட்டத்துக்குள் விழும் தழைச்சத்து, ஹெக்டேருக்கு 600 முதல் 1,000 கிலோ வரை போட்டதற்குச் சமம். எந்தப் புல்லாலும் அவ்வளவையும் உறிஞ்ச முடியாது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டை மண் பிடித்து வைத்துக்கொள்ளாது. மழை பெய்தாலும் பாசன நீர் மிஞ்சினாலும் அது நீரோடு கீழே இறங்கி, நிலத்தடி நீரில் கலந்து, ஓடைக்கும் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேருகிறது. இன்னொரு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயுவாகி ஆகாயத்துக்கு ஏறுகிறது. பூமியைச் சூடாக்குவதில் அந்த வாயு கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 270 மடங்கு வலிமை கொண்டது.

வாங்கிய உரமும் தீவனமும் பண்ணை வாசலுக்குள் கொண்டுவரும் தழைச்சத்தில், பாலாகவும் மாடாகவும் வாசலைத் தாண்டி வெளியே போவது பெரும்பாலும் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான். மீதிக்கு யார் கணக்கு எழுதுவது? மில் முதலாளிக்குக் கழிவுப் பஞ்சு நஷ்டம், ஆகவே எண்ணுகிறான். பண்ணைக் கழிவு ஊராரின் கிணற்றுக்குப் போகிறது. ஆகவே நெடுங்காலம் யாரும் எண்ணவில்லை.

தீவைத் தின்ற புல்தரை

நியூசிலாந்தின் புல்தரை எப்போதும் யூரியாவில் வளர்ந்ததல்ல. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கே தழைச்சத்தைக் கொடுத்தது வெள்ளைக் குளோவர் என்ற சிறு செடி. நம் வயலில் கொளுஞ்சியும் தக்கைப்பூண்டும் செய்யும் வேலையை அங்கே புல்லோடு புல்லாக வளர்ந்த குளோவர் செய்தது. வேர் முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் ஆகாயத்திலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன என்று ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரு ஜெர்மன் விஞ்ஞானிகள் 1880-களில் நிரூபித்தார்கள். நல்ல குளோவர் புல்தரை ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 100 முதல் 200 கிலோ வரை தழைச்சத்தைத் தானே சேர்க்கும். எந்த ஆலைக்கும் விலை கொடுக்க வேண்டாம்.

ஆனால் அந்தக் குளோவரும் முழுக்க இலவசமாக வளரவில்லை. அதற்கு மணிச்சத்து வேண்டும். அந்தப் பாஸ்பேட் எங்கிருந்து வந்தது? பசிபிக் சமுத்திரத்தில் உள்ள நவுரு, பனாபா என்ற இரு சின்னஞ்சிறு தீவுகளிலிருந்து வந்தது. 1920-ல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று சர்க்கார்களும் கூட்டாக ஒரு பாஸ்பேட் கமிஷனை அமைத்து, அந்தத் தீவுகளின் மண்ணைச் சுரண்டி எடுத்து, மலிவு விலையில் தங்கள் புல்தரைகளுக்குக் கொண்டுபோயின. 1949-லிருந்து விமானம் வைத்துக் குன்றுகளின் மேல் சூப்பர் பாஸ்பேட் தூவினார்கள். பனாபா ஜனங்கள் 1945 டிசம்பரில் பிஜி நாட்டைச் சேர்ந்த ராபி தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய பூமி 1979 வரை வெட்டி எடுக்கப்பட்டது. நவுரு 1968-ல் சுதந்திரம் பெற்றபோது தீவின் நடுப்பகுதி சுண்ணாம்புப் பாறைக் கூம்புகளாக நின்றது. 1989-ல் நவுரு சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மீது வழக்குத் தொடுத்தது. 1993-ல் ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. நியூசிலாந்தும் பிரிட்டனும் அதில் தங்கள் பங்கைக் கட்டின.

இதை ஏன் சொல்கிறோம்? குளோவர் நல்லது, யூரியா கெட்டது என்று செடியையும் மூட்டையையும் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது போதாது என்பதற்காகத்தான். எந்தச் சத்தும் எங்கிருந்தோ வருகிறது, எங்கோ போகிறது. வரும் இடத்திலும் ஜனங்கள் இருக்கிறார்கள். போகும் இடத்திலும் ஜனங்கள் இருக்கிறார்கள். லாபக் கணக்கு இந்த இரண்டு இடத்தையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள பண்ணையை மட்டும் எண்ணுகிறது.

யூரியா மூட்டையும் வங்கிக் கடனும்

ஆகாயத்தில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான். அதை அம்மோனியாவாக்கும் முறையை ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹாபர் 1909-ல் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலைத் தொழிலாக்கினார். 1913-ல் ஒப்பாவ் என்ற ஊரில் முதல் ஆலை ஓடியது. உலகப் பசியைப் போக்கிய கண்டுபிடிப்பு அது என்பதில் சந்தேகமில்லை. அதே அம்மோனியா முதல் உலகப் போரில் வெடிமருந்தாகவும் போயிற்று. எந்தக் கருவியும் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும்.

நியூசிலாந்தில் தரநாகி பகுதியில் உள்ள கபூனியில் எரிவாயுவைக் கொண்டு யூரியா செய்யும் ஆலை 1982-ல் தொடங்கியது. 1984-ல் பதவிக்கு வந்த சர்க்கார் விவசாய மானியங்களை ஒரே வீச்சில் நீக்கியது. சந்தையில் தாக்குப்பிடிக்க முடிந்தவன் பெருத்தான். முடியாதவன் விற்றுவிட்டுப் போனான். 1974-75-ல் அந்நாட்டில் சுமார் 18,500 பால் மந்தைகள் இருந்தன. ஒரு மந்தைக்குச் சராசரி 112 பசுக்கள். 2019-20-ல் சுமார் 11,000 மந்தைகள். ஒரு மந்தைக்குச் சராசரி 440 பசுக்கள். இதுதான் முன்னேற்றம் என்றார்கள்.

பசுக்களின் எண்ணிக்கை 1990-ல் 34 லட்சம். 2019-ல் 63 லட்சம். காண்டர்பரி சமவெளியில் மட்டும் 1,13,000-லிருந்து 12 லட்சமாயிற்று. பத்து மடங்குக்கு மேல். சவுத்லாந்து பகுதியில் 38,000-லிருந்து 6,36,000 ஆயிற்று. நாடு முழுவதும் நிலத்தில் போட்ட தழைச்சத்து உரம் 1991-ல் 62,000 டன். 2019-ல் 4,52,000 டன். மாடு இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. உரம் ஏழு மடங்கைத் தாண்டிவிட்டது!

காண்டர்பரி சரளைக்கல் பூமி. நீர் நிற்காது, தடதடவென்று இறங்கும். அங்கே முன்பு ஆடு மேய்ந்தது, தானியம் விளைந்தது. ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் பிடித்து, வட்டமாகச் சுழலும் ராட்சதக் குழாய்களால் பாய்ச்சி, யூரியாவைக் கொட்டி, அதைப் பசும் புல்தரையாக்கினார்கள். இதற்கெல்லாம் பணம்? வங்கிகள் கொடுத்தன. 2019 வாக்கில் பால் பண்ணைகளின் கடன் சுமார் 4,000 கோடி நியூசிலாந்து டாலர். பெரும்பகுதி ஆஸ்திரேலிய முதலாளிகளுக்குச் சொந்தமான நாலு வங்கிகளின் பணம். வட்டி நாள் தவறாமல் வந்து நிற்கிறது. பவுடர் விலையோ உலகச் சந்தையில் ஏறி இறங்குகிறது. விலை இறங்கிய வருஷத்தில் கடனாளிப் பண்ணைக்காரன் பசுவைக் குறைப்பானா, யூரியாவைக் குறைப்பானா? குறைக்கத் துணிய மாட்டான். இங்கேதான் முடிச்சு இருக்கிறது. அவனுக்குப் புத்தி சொல்கிறவர்கள் இந்த முடிச்சைத் தொடுவதே இல்லை.

கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர் யார்?

குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வைத்த எல்லை. புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தைகளைக் காப்பாற்ற வைத்த எல்லை அது. நைட்ரேட் மிஞ்சிய தண்ணீரில் கரைத்த பாலைக் குடித்தால் குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கிறது, உடம்பு நீலம் பாரிக்கிறது, உயிருக்கே ஆபத்து. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போகாதா என்று தாய்மார்கள் கேட்கலாம். போகாது. தண்ணீர் வற்ற வற்ற நைட்ரேட் இன்னும் அடர்த்தியாகும்.

டென்மார்க்கில் 27 லட்சம் பேரின் குடிநீரையும் நோய்க் கணக்கையும் ஒப்பிட்டு 2018-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 50 மில்லிகிராமுக்கு வெகு கீழே, 4 மில்லிகிராம் அளவிலேயே, பெருங்குடல் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது என்று அது சொன்னது. இது முடிவான நிரூபணம் அல்ல என்று சொல்லும் விஞ்ஞானிகளும் உண்டு. விவாதம் நடக்கட்டும். ஆனால் விவாதம் முடியும் வரை அந்தத் தண்ணீரை யார் குடிப்பது?

பட்டணத்தானுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது, சோதனை நடக்கிறது. கிராமப்புறத்தில் சொந்தக் கிணறு. அதைச் சோதிக்கும் பொறுப்பு கிணற்றுக்காரனுடையது. பண்ணைத் தொழிலாளிக்கோ கிணறும் சொந்தமில்லை, வீடும் சொந்தமில்லை. பலர் எஜமானன் கொடுத்த பண்ணை வீட்டில் குடியிருக்கிறார்கள். வேலை போனால் வீடும் போகும். விடியுமுன் எழுந்து நூற்றுக்கணக்கான மாடுகளைக் கறவைக் கொட்டகைக்கு ஓட்டுகிற அந்தத் தொழிலாளர்களில் பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஏராளம். அவர்களில் பலருடைய விசா குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டது. அப்படிப்பட்ட ஒருவர், “ஐயா, இந்தக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தீர்களா? என் குழந்தைக்கு இதில்தான் பால் கரைக்கிறோம்” என்று எவ்வளவு தைரியமாகக் கேட்க முடியும்? நம் நாட்டில் தோட்டத்து லயத்திலும் மில் லைன் வீட்டிலும் வாழ்ந்த குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்நாட்டின் ஆதிக்குடிகளான மவோரி மக்களின் நிலையும் இதுவே. கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள டெ வைஹோரா ஏரியில் தலைமுறை தலைமுறையாக விலாங்கு பிடித்து உண்டவர்கள் அவர்கள். சுற்றியுள்ள பண்ணைகளிலிருந்து இறங்கிய சத்துக்களால் அந்த ஏரி பாசி பிடித்துக் கெட்டது. பாலும் அவர்களுடையதல்ல, லாபமும் அவர்களுடையதல்ல. ஏரி மட்டும் அவர்களுடையது!

இரண்டு அளவுகோல்கள்

இப்போது எல்லோரும் “தழைச்சத்துத் திறன்” என்று பேசுகிறார்கள். உரக் கம்பெனி பேசுகிறது, பால் கம்பெனி பேசுகிறது, வங்கியும் பேசுகிறது. நாமும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. குறைந்த உரத்தில் அதே பால் என்றால் யார் மறுப்பார்கள்? ஆனால் திறனை எந்த அளவுகோலால் அளக்கிறீர்கள் என்று கேட்கிறோம்.

கம்பெனி லிட்டர் கணக்கில் அளக்கிறது: ஒரு லிட்டர் பாலுக்கு எத்தனை கிராம் தழைச்சத்து வீணாயிற்று? ஆறு அப்படி அளப்பதில்லை. மொத்தம் எவ்வளவு வந்து விழுந்தது என்பதுதான் அதன் கணக்கு. ஒவ்வொரு பசுவுக்கும் ஆகும் கசிவை நூற்றுக்கு இருபது குறைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். பசுக்களைப் பத்து மடங்காக்கிவிட்டால் கசிவு எவ்வளவு? எட்டு மடங்கு. திறனும் உயர்ந்தது, நஞ்சும் உயர்ந்தது! இரண்டும் உண்மை. முதல் உண்மையை விளம்பரத்தில் போடுகிறார்கள். இரண்டாவதைக் கிணற்றில் போடுகிறார்கள்.

மில்லில் திறன் என்ற பெயரால் என்ன நடந்தது என்பதை நம் தொழிலாளிகள் அனுபவத்தில் அறிவார்கள். இரண்டு தறி பார்த்தவன் நாலு தறி பார்த்தான்; மிச்சமான கூலி யார் பைக்குப் போயிற்று? பண்ணையிலும் அதே சங்கதிதான். மிச்சமாகும் தழைச்சத்து ஆற்றுக்கு ஓய்வு கொடுக்கப் பயன்படவில்லை. அடுத்த நூறு பசுவுக்கு இடம் கொடுக்கப் பயன்பட்டது.

ஒரு மருந்தின் கதை இதற்கு நல்ல சாட்சி. மூத்திரத்துத் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும் டி.சி.டி. என்ற ரசாயனத்தைப் புல்தரையில் தெளித்தார்கள். கசிவு குறைந்தது, இனி கவலையில்லை என்றார்கள். 2012-ல் பாலிலேயே அதன் சுவடு தென்பட்டது. உடம்புக்குக் கெடுதல் செய்யும் அளவல்ல என்று அதிகாரிகள் சொன்னாலும், வெளிநாட்டுச் சந்தை கலங்கும் என்ற பயம் பிடித்தது. 2013 ஜனவரியில் விற்பனை நிறுத்தப்பட்டது. மருந்து போயிற்று. மாடு குறையவில்லை.

விஞ்ஞானம் வழி காட்டாமல் இல்லை

வழியே இல்லையா? நிச்சயம் உண்டு. நியூசிலாந்தின் விஞ்ஞானிகளே, அங்கே உள்ள அனுபவசாலி விவசாயிகளே அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

முதலாவது, குளோவருக்கு அதன் இடத்தைத் திரும்பக் கொடுப்பது. யூரியாவை மேலும் மேலும் கொட்டினால் குளோவர் சோம்பிவிடும். புல் அதை அமுக்கிவிடும். யூரியாவைக் குறைத்தால் குளோவர் மறுபடி தலைதூக்கித் தன் வேலையைச் செய்யும்.

இரண்டாவது, காலமும் அளவும். குளிரில் மண் உறைந்து, புல் வளராமல், மழை மட்டும் இறங்கும் மாதங்களில் யூரியா போடுவது பணத்தை ஆற்றில் கொட்டுவதுதான். சிறிது சிறிதாக, புல் வளரும் வேகத்துக்குத் தக்கபடி போட வேண்டும். நம் வயலில் ஈரம் பார்த்து, பதம் பார்த்து மேலுரம் இறைக்கும் கூலிப் பெண்ணுக்குத் தெரிந்த பாடம் இது.

மூன்றாவது, தீவனத்தில் புரதத்தைச் சமன் செய்வது. கொழுத்த புல்லோடு மக்காச்சோளம் போன்ற புரதம் குறைந்த தீவனம் கொடுத்தால் மூத்திரத்தில் போகும் தழைச்சத்து குறைகிறது. புல்தரையில் பிளான்டெய்ன் என்னும் அகன்ற இலைப் பூண்டைக் கலந்து விதைத்தால் பசுவின் மூத்திரம் நீர்த்துப் போகிறது. ஒரே இடத்தில் குவியும் சத்து குறைகிறது.

நான்காவது, இலையுதிர் காலத்தில் விழும் மூத்திரந்தான் அடுத்து வரும் குளிர்கால மழையில் அதிகம் இறங்குகிறது. அப்போது நாளில் சில மணி நேரமாவது மாடுகளைத் தளம் போட்ட இடத்தில் நிறுத்தி, கழிவைச் சேர்த்து வைத்து, புல் வளரும் பருவத்தில் பரவலாக இறைக்கலாம். குளிர்காலத் தீவனப் பயிரை மேய்த்து வெறும் சேறாக விட்ட நிலத்தில் உடனே ஓட்ஸ் விதைத்தால், மண்ணில் மிஞ்சிய சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் பெரியது: பசுக்களைக் குறைப்பது. காண்டர்பரியில் லிங்கன் பல்கலைக்கழகப் பண்ணையில் பசுக்களின் எண்ணிக்கையையும் யூரியாவையும் குறைத்து, ஒவ்வொரு பசுவையும் நன்றாகப் பராமரித்துப் பார்த்தார்கள். கசிவு குறைந்தது, பண்ணை திவாலாகவில்லை. ஆக, குறைத்தால் அழிவோம் என்ற கூக்குரல் பொய்.

2021 ஜூலை முதல், ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 190 கிலோவுக்கு மேல் ரசாயனத் தழைச்சத்து போடக் கூடாது என்று சட்டம் வந்தது. நம் கணக்கில் சொன்னால் ஏக்கருக்கு 77 கிலோ. யூரியாவாகச் சொன்னால் ஏறத்தாழ 167 கிலோ, கிட்டத்தட்ட நாலு மூட்டை. அதன் பிறகு உர விற்பனை இறங்கியது. அக்காலத்தில் ஏறிய யூரியா விலையும் அதற்கு ஒரு காரணம். உரம் குறைந்த அளவுக்குப் பால் குறைந்துவிடவில்லை. அப்படியானால் முன்பு கொட்டியதில் எவ்வளவு வீண் என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். இந்தச் சட்டம் ஒரு கடிவாளம், வரவேற்கிறோம். ஆனால் இது மூட்டையை மட்டும் எண்ணுகிறது; மூத்திரத்தை எண்ணவில்லை; பசுவை எண்ணவில்லை.

செலவு யார் தலையில்?

வடக்குத் தீவில் உள்ள டௌபோ ஏரியைக் காப்பாற்ற, சுற்றியுள்ள பண்ணைகளுக்குத் தழைச்சத்து உச்சவரம்பு விதித்தார்கள். ஏரிக்குப் போகும் நைட்ரஜனில் மனிதரால் கட்டுப்படுத்தக்கூடிய பகுதியில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். குறைத்தும் காட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் எப்படி? பொதுப் பணத்தில் சுமார் 8 கோடி டாலர் நிதி வைத்து, நைட்ரஜன் இறக்கும் உரிமைகளை விலைக்கு வாங்கி மூடினார்கள். ஏரியைக் கெடுக்கும் உரிமைக்கு விலை; அந்த விலையை வரி கட்டும் ஜனங்கள் கொடுக்க வேண்டும்!

காண்டர்பரியில் நடந்தது இதைவிடக் கடுமை. தண்ணீர் விஷயங்களைக் கவனிக்கும் பிராந்திய கவுன்சிலை ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 2010-ல் மத்திய சர்க்கார் ஒரு தனிச் சட்டம் போட்டு, அந்தக் கவுன்சிலர்களை நீக்கி, தன் கமிஷனர்களை உட்கார வைத்தது. நீர் நிர்வாகம் மந்தமாக நடக்கிறது என்பது சர்க்கார் சொன்ன காரணம். பாசன விஸ்தரிப்புக்கு வழி திறக்கத்தான் இது என்று ஜனங்களில் பலர் குற்றம் சாட்டினார்கள். முழுத் தேர்தல் 2019-ல்தான் திரும்பி வந்தது. 2025 செப்டம்பரில் அதே கவுன்சில் “நைட்ரேட் அவசர நிலை” என்று தீர்மானம் போட வேண்டியதாயிற்று. தண்ணீரைப் பற்றிப் பேச ஜனங்களுக்கு இருந்த வாயை ஒன்பது வருஷம் கட்டிப்போட்ட இடத்தில்தான் இந்த அவசர நிலை வந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நாம் சொல்வது

தழைச்சத்து வீணாவது வெறும் விவசாய இலாகா விவகாரம் அல்ல. பண்ணைக்காரனைத் திட்டித் தீர்த்துவிட்டால் முடிந்துவிடும் விவகாரமும் அல்ல. சிறிய, நடுத்தரப் பண்ணைக்காரன் வங்கிக்கும் சந்தைக்கும் நடுவில் நசுங்குகிறவன். அவனைத் தொழிலாளிக்கு எதிரியாகவும், தொழிலாளியை அவனுக்கு எதிரியாகவும் நிறுத்துவது வங்கிக்காரனுக்குத்தான் சௌகரியம்.

ஆகவே, திறன் என்று பேசுகிறவர்களிடம் நியாயமாகக் கேட்க வேண்டியவை இவை:

லிட்டர் கணக்கு மட்டும் போதாது. ஒவ்வொரு ஆற்றுப் படுகைக்கும் மொத்தக் கசிவின் எல்லையை வகுக்க வேண்டும்.

கிராமத்துக் கிணறுகளையும் பண்ணை வீட்டுக் கிணறுகளையும் இலவசமாகச் சோதிக்க வேண்டும். முடிவை ஊரறியச் சொல்ல வேண்டும். கெட்டுப்போன இடத்தில் நல்ல தண்ணீர் தரும் செலவு கெடுத்தவர்களையும் அதில் லாபம் கண்டவர்களையும் சேர வேண்டும்.

பசுக்களைக் குறைக்க முன்வரும் சிறு பண்ணைக்காரனுக்குக் கடன் தவணையில் நிவாரணம் வேண்டும். மாடு பெருக்கக் கடன் கொடுத்த வங்கி, மாடு குறைக்கும்போது மட்டும் கையை விரிக்கக் கூடாது.

குளோவர், தீவனம், மண் பற்றிய ஆராய்ச்சி பொதுப் பணத்தில், பொது நன்மைக்காக நடக்க வேண்டும். உரம் விற்கிறவன் சொல்வதே விஞ்ஞானம் என்று ஆகிவிடக் கூடாது.

தண்ணீரைப் பற்றி முடிவு செய்யும் சபையில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களும், அதில் மீன் பிடிக்கிறவர்களும், அந்த மாடுகளைக் கறக்கிறவர்களும் உட்கார வேண்டும்.

எங்கோ கிடக்கும் நாட்டுச் சங்கதி நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 நவம்பரில், ஆர்.சி.இ.பி. என்ற ஆசிய வர்த்தக ஒப்பந்தத்தில் சேராமல் இந்தியா விலகியது. நியூசிலாந்துப் பால்பவுடர் தடையின்றி வந்து குவிந்தால், ஒன்றிரண்டு மாடு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் நசித்துப் போகும் என்று நாடெங்கும் எழுந்த எதிர்ப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தப் பவுடர் மலிவாகக் கிடைப்பதன் ரகசியங்களில் ஒன்று இப்போது தெரிகிறதல்லவா? காண்டர்பரிக் கிணற்றின் விலை அதில் சேர்க்கப்படவில்லை. பண்ணை வீட்டில் புட்டிப்பால் கரைக்கும் தாயின் கவலை அதில் சேர்க்கப்படவில்லை. டெ வைஹோரா ஏரியின் விலாங்கு அதில் சேர்க்கப்படவில்லை.

அங்கே மாடு கறக்கும் தொழிலாளியும் இங்கே சங்கத்து வாசலில் பால் பாத்திரத்தோடு நிற்கும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் அங்கே கிணற்றுக் கணக்கைச் சரியாக எழுத வைத்தால், இங்கே பாலின் விலையும் நியாயமாகும். அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை இருவருக்கும் உண்டு.